முதல் வெட்டுக்கு முன் போடும் அன்டிபயோட்டிக்: புதிய ஹவுஸ் ஒபிசர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் சத்திரசிகிச்சை வார்ட் ஒன்றில் மெடிக்கல் ஒபிசராக வேலை செய்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய ஹவுஸ் ஒபிசர்கள், அதாவது படிப்பை முடித்துப் பயிற்சிக்கு வரும் வைத்தியர்கள், வந்து சேர்வார்கள். எந்த அறுவைக்கு எந்த அன்டிபயோட்டிக் என்று கேட்டால் மருந்தின் பெயரை அநேகமாகச் சரியாகவே சொல்லிவிடுவார்கள், படித்த பிள்ளைகள்தானே. ஆனால் அதே ஆட்கள் எழுதிய ட்ரக் சார்ட்டை (மருந்தும் நேரமும் எழுதும் தாள்) இரண்டு கிழமை கழித்து எடுத்துப் பார்த்தால் மருந்து சரியாக இருக்கும், நேரம் பிழைத்திருக்கும். தொடங்கிய நேரம் சரியாக இருந்தால், எப்போது நிறுத்துவது என்று ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

தொற்று வராமல் இருப்பதற்காக அறுவைக்கு முன் போடும் முற்காப்பு அன்டிபயோட்டிக்கைப் பற்றி மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். வந்துவிட்ட தொற்றுக்குச் சிகிச்சை கொடுப்பது வேறு கதை. பொது சத்திரசிகிச்சை, மகப்பேறு, எலும்பு ஆகிய வார்ட்களில் ஒரு ஹவுஸ் ஒபிசர் செய்யவேண்டிய வேலை, செய்யவேண்டிய வரிசையிலேயே கீழே இருக்கிறது. நான் பார்த்த பிழைகள் பெரும்பாலும் ஒரு படியை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் பாய்ந்ததால் வந்தவை. டோஸ்கள் எல்லாம் வளர்ந்தவர்களுக்கானவை. உங்கள் கன்சல்டன்ட் வேறு முடிவு எடுத்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள், பிறகு அவர் சொல்வதையே செய்யுங்கள்.

1. அறுவைக்கு முதல் நாளே கையில் இருக்கவேண்டியவை

முதல் நாள் பின்னேரம் ரவுண்ட் முடிந்ததும் அடுத்த நாள் அறுவை லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போங்கள். விடிய ஆறு மணிக்கு, மூன்று நோயாளருக்கு இரத்தம் எடுத்துக்கொண்டே இதைச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் கேட்கும் கேள்விக்கு நோயாளரும் அரைத் தூக்கத்தில்தான் பதில் சொல்வார்.

முதலில் நிறை. தராசில் நிறுத்த நிறை. ஆளைப் பார்த்து 70 என்று எழுதும் பழக்கம் எல்லா வார்ட்டிலும் உண்டு, ஜென்டாமைசின் மாதிரி கிலோக் கணக்கில் போடும் மருந்து வரும்போது அந்த 70 உங்களைக் கைவிட்டுவிடும். அடுத்தது ஒவ்வாமை, அதற்குத் தனிப் படி இருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சீரம் கிரியேட்டினின் எவ்வளவு என்று பாருங்கள். பழைய கல்ச்சர் ரிப்போர்ட் இருக்கிறதா, அதில் எம்ஆர்எஸ்ஏ (வழக்கமான அன்டிபயோட்டிக்குகளுக்கு அடங்காத ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமி) வந்திருக்கிறதா என்று டயக்னோசிஸ் கார்டைப் புரட்டிப் பாருங்கள். இப்போது ஏதாவது அன்டிபயோட்டிக் ஓடுகிறதா என்று கேளுங்கள், வெளியே தனியார் கிளினிக்கில் வாங்கிக் குடித்ததையும் சேர்த்து.

அப்புறம், அவர் லிஸ்ட்டில் எத்தனையாவது ஆள்? இதை ஏன் இப்போதே கேட்கச் சொல்கிறேன் என்பது ஐந்தாம் படியில் விளங்கும்.

கடைசியாக ஸ்டொக். வழிகாட்டியில் இருக்கும் மருந்து உங்கள் மருந்துக்களஞ்சியத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இதை நாங்கள் நன்றாகவே படித்தோம். தியேட்டர் வாசலில் வைத்து இல்லை என்று தெரிந்தால், அவசரத்தில் கைக்குக் கிடைப்பது செஃப்ட்ரியாக்சோனாகத்தான் இருக்கும்.

வழிகாட்டி என்று சொல்வது, இலங்கை நுண்ணுயிரியலாளர் கல்லூரி மற்றைய கல்லூரிகளோடும் சுகாதார அமைச்சோடும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டியை. அதற்குப் பிறகு வந்த பதிப்பு உங்கள் யூனிட்டில் இருந்தால் அதையே பாருங்கள். உங்கள் துறைக்குரிய பக்கங்களை மட்டும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

2. இந்த அறுவைக்கு அன்டிபயோட்டிக் தேவைதானா?

புதியவர்கள் அநேகமாக இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். லிஸ்ட்டில் பெயர் இருந்தால் அன்டிபயோட்டிக் எழுதவேண்டும் என்று கை தானாகப் போகிறது.

அறுவையை நான்காகப் பிரித்துப் பாருங்கள். சுத்தமானது: தோலைத் தவிர கிருமி இருக்கும் எந்த இடத்தையும் திறக்கவில்லை, அழற்சியும் இல்லை. கொழுப்புக்கட்டி, தைரொயிட் எல்லாம் இதில் வரும். இவற்றுக்குப் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் உள்ளே ஏதாவது பொருத்தினால், உதாரணமாக எலும்புக்குத் தகடு, செயற்கை மூட்டு, கதை மாறுகிறது: அந்நியப் பொருள் ஒன்று இருக்கும் இடத்தில் மிகச் சில கிருமிகளே தொற்றை உண்டாக்கிவிடும், பிறகு அந்தப் பொருளைக் கழற்றாமல் தொற்று போகாது. ஆகவே கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, குடல், பித்தப்பாதை, கருப்பை மாதிரி கிருமி இருக்கக்கூடிய இடத்தைத் திட்டமிட்டு, கட்டுப்பாட்டோடு திறப்பது. இங்கேதான் முற்காப்பு அன்டிபயோட்டிக்கின் பயன் மிகத் தெளிவு. மூன்றாவது, குடலில் இருந்தது வெளியே கொட்டியது, புதிய திறந்த காயம் போன்றவை. இதற்கும் கொடுக்கவேண்டும். நான்காவது, ஏற்கனவே சீழ் இருக்கிறது, குடல் ஓட்டையாகி நேரமாகிவிட்டது. இங்கே நீங்கள் கொடுப்பது சிகிச்சை. நாட்கணக்கு, மருந்து எல்லாமே வேறு.

பி.எச்.டி.யில் (கட்டிலோடு இருக்கும் நோயாளர் குறிப்பேடு) 'முற்காப்பு' அல்லது 'சிகிச்சை' என்று ஒரு சொல் எழுதிவிடுங்கள். அந்த ஒரு சொல் இல்லாததால்தான் அப்பென்டிக்ஸ் எடுத்த ஒரு இளைஞனுக்கு ஐந்து நாள் மருந்து போகிறது. ஓட்டை விழாத சாதாரண அப்பென்டிசைட்டிஸ் என்று தியேட்டரில் தெரிந்துவிட்டால், எடுத்தபிறகு தொடரத் தேவையில்லை. ஓட்டை விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே 'முற்காப்பு' என்பதை வெட்டிவிட்டு 'சிகிச்சை' என்று எழுதி, புதிய ஓர்டர் போடவேண்டும்.

இரண்டு இடங்களில் குழப்பம் வரும். ஆபத்துக் காரணிகள் இல்லாத ஒருவருக்கு, திட்டமிட்டு லெப்ரொஸ்கோப் மூலம் பித்தப்பை எடுக்கும்போது பெரும்பாலான வழிகாட்டிகள் தேவையில்லை என்கின்றன. வலை வைத்துச் செய்யும் ஹேர்னியாவில் வழிகாட்டிகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. இந்த இரண்டுக்கும் யூனிட் முடிவு என்ன என்று வந்த முதல் கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நடு இரவில் கேட்கவேண்டி வராது.

3. ஒவ்வாமையைக் கேட்கும் முறை

'அலர்ஜி இருக்கா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை.

மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மீனவர், அறுபது வயதிருக்கும். பி.எச்.டி.யின் முகப்பில் சிவப்பு மையால் 'பென்சிலின் அலர்ஜி' என்று பெரிதாக எழுதியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஐயா, பென்சிலின் போட்டப்போ என்ன நடந்தது?"

"ஊசி இல்ல டொக்டர், குளிசை. குடிச்சா வயித்தப் புரட்டிக்கிட்டு வந்திச்சு. ரெண்டு தரம் சத்தி எடுத்தன்."

"உடம்பு தடிச்சதா? மூச்சு எடுக்கக் கஷ்டமா இருந்ததா? முகம், உதடு வீங்கினதா?"

"அப்படி ஒண்டும் இல்ல."

அது ஒவ்வாமை இல்லை, பக்கவிளைவு. பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதப்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை. ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தால் அவர்களுக்கு இரண்டாந்தர மருந்து போகிறது, தொற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே நான்கு கேள்வி கேளுங்கள்: என்ன மருந்து, போட்டு எவ்வளவு நேரத்தில், சரியாக என்ன நடந்தது, அதன் பிறகு அதே இன மருந்து எப்போதாவது போட்டு ஒன்றும் ஆகாமல் இருந்ததா. கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை, ஆனால் பல நேரம் முடிவைத் தருவது அதுதான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். பழைய கார்ட் சிங்களத்தில் இருந்து உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த மிஸ் (தாதி) ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், ஊகிக்காதீர்கள்.

உடனே வந்த தடிப்பு, மூச்சுத்திணறல், பிரஷர் இறங்கியது என்று சொன்னால் அதை மதியுங்கள். செஃபசோலினின் பக்கச்சங்கிலி (மூலக்கூறில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய பகுதி) பென்சிலின்களுடையதை ஒத்ததல்ல, ஆகவே இப்போதைய வழிகாட்டிகள் பல, பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கும் அதைக் கொடுக்கலாம் என்கின்றன, ஆனால் அந்த முடிவு ஹவுஸ் ஒபிசர் தனியாக எடுக்கும் முடிவு இல்லை. மயக்க மருந்து வைத்தியரோடும் கன்சல்டன்டோடும் கதையுங்கள். தோல் உரிந்தது, வாயெல்லாம் புண்ணானது, ஈரல் பாதித்தது என்ற கதை வந்தால் அந்த இன மருந்துகள் அத்தனையையும் தவிர்க்கவேண்டும், அதை அப்படியே தெளிவாக எழுதிவையுங்கள்.

டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தாயிற்று என்பதற்காக இந்தக் கேள்விகளை விடாதீர்கள். தோலில் ஒன்றும் வரவில்லை என்பது உத்தரவாதம் இல்லை. எந்த ஊசி போட்டாலும் அட்ரினலின் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்: அனஃபிலக்ஸிஸ் (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) என்றால் 1:1000 கரைசலில் 0.5 மில்லிலீற்றர், தொடைத் தசையில்.

4. மருந்தும் டோஸும்

இது நீங்கள் ஏற்கனவே தெரிந்துகொண்டு வரும் பகுதி, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் கிருமிகள்தான் பயம் என்றால் செஃபசோலின் 2 கிராம், 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். செஃபுரொக்சிம் என்றால் 1.5 கிராம். கோ-அமொக்சிக்ளேவ் என்றால் 1.2 கிராம். பெருங்குடல் மாதிரி ஒட்சிசன் இல்லாத இடத்துக் கிருமிகள் இருக்கும் அறுவையில் செஃபசோலினோடும் செஃபுரொக்சிமோடும் மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் சேர்க்கவேண்டும், கோ-அமொக்சிக்ளேவோடு சேர்க்கத் தேவையில்லை, அதுவே அந்தக் கிருமிகளையும் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து எழுதுவது நான் அடிக்கடி வெட்டும் ஓர்டர்களில் ஒன்று.

டோஸைக் குறைக்காதீர்கள். கிரியேட்டினின் கூடியிருந்தாலும் முதல் டோஸ் முழு டோஸ்தான், குறிப்பாக பீட்டா-லக்டம் மருந்துகளில் (பென்சிலின், செஃபசோலின் இனங்கள்). சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகத்தைத்தான் அது மாற்றும், முதல் வெட்டின்போது திசுவில் தேவைப்படும் அளவை மாற்றாது.

செஃப்ட்ரியாக்சோனைப் பற்றி ஒரு வார்த்தை. 'பெரிய மருந்து, நல்ல மருந்து' என்று அதை எழுதுகிறார்கள். தோலில் இருக்கும் ஸ்டஃபிலோகொக்கஸுக்கு எதிராக அது செஃபசோலினை விடப் பலவீனமானது. அதோடு குடலில் எதிர்ப்புத்திறன் உள்ள கிருமிகளை வளர்த்துவிடும். உலக சுகாதார நிறுவனம் செஃபசோலினைத் தாராளமாகப் பயன்படுத்தக்கூடிய பட்டியலிலும் செஃப்ட்ரியாக்சோனைக் கவனத்தோடு பயன்படுத்தவேண்டிய பட்டியலிலும் வைத்திருப்பது சும்மா இல்லை.

எம்ஆர்எஸ்ஏ இருந்தவர் என்றால் நுண்ணுயிரியல் நிபுணருக்கு முதல் நாளே போன் பண்ணுங்கள். வன்கோமைசின் மெதுவாகப் போகவேண்டிய மருந்து, ஒரு கிராமுக்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம். வேகமாக விட்டால் உடம்பு சிவந்து பிரஷர் இறங்கும். முதல் நாள் யோசிக்காவிட்டால் அன்று விடிய அதற்கு நேரமே இருக்காது.

5. நேரம்

முழுக் கட்டுரையிலும் ஒரு படியை மட்டும் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

கத்தி தோலில் படும் அந்தக் கணத்தில், வெட்டப்படும் திசுவுக்குள் போதுமான மருந்து இருக்கவேண்டும், கடைசித் தையல் விழும்வரை இருக்கவேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். செஃபசோலின், செஃபுரொக்சிம், கோ-அமொக்சிக்ளேவ் என்றால் வெட்டுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள். வன்கோமைசின், சிப்ரொஃப்ளொக்சசின் மாதிரி மெதுவாக ஏற்றுபவை என்றால் 120 நிமிடத்துக்குள் தொடங்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டி பொதுவாக 120 நிமிடத்துக்குள் என்றும், மருந்தின் அரைவாழ்வுக் காலத்தை (இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) கணக்கில் எடுக்கவும் சொல்கிறது. அரைவாழ்வு குறுகிய மருந்துகளுக்கு அதனால்தான் 60 நிமிடத்தைப் பிடித்துக்கொள்கிறோம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் வேறொரு வைத்தியசாலையில் நான் ஹவுஸ் ஒபிசராக இருந்தபோது, லிஸ்ட் நாளில் விடிய ஏழு மணிக்கு வார்ட்டிலேயே எல்லோருக்கும் ஊசி போட்டுவிடுவோம். ஐந்து பேர் லிஸ்ட்டில் இருந்தால் ஐந்து பேருக்கும். வேலை முடிந்தது என்று நிம்மதி. அன்று நான்காவதாக இருந்த அம்மாவுக்குச் செஃபுரொக்சிம் போட்டது 7.00 மணி. முன்னால் இருந்த கேஸ் இழுத்துக்கொண்டு போய், அவரைத் தியேட்டருக்குள் எடுத்து, வெட்டியது 11.40. ஒன்பதாவது நாள் தையல் புண்ணிலிருந்து சீழோடு திரும்பி வந்தார். அதற்கு அந்த நேரம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, தொற்று வர வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் அன்றிரவு பி.எச்.டி.யில் அந்த இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நான்கு மணி நாற்பது நிமிடம். செஃபுரொக்சிமின் அரைவாழ்வு ஏறக்குறைய 80 நிமிடம். அப்படிப் பார்த்தால் வெட்டும் நேரத்தில் அவர் இரத்தத்தில் இருந்தது தொடக்கத்தில் இருந்ததின் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மருந்து சரி, டோஸ் சரி, ட்ரக் சார்ட்டில் கையெழுத்தும் சரி. அவருக்கு அது போட்டதாகவே ஆகாது.

ஆகவே வார்ட்டில் போடாதீர்கள். மருந்தை நோயாளரோடு தியேட்டருக்கு அனுப்புங்கள், மயக்கம் கொடுக்கும் நேரத்தில் அங்கே போடட்டும். லிஸ்ட்டில் முதலாவது ஆளுக்குக்கூட இதுவே நல்லது, ஏனென்றால் முதலாவது ஆள் எப்போதும் முதலாவதாகப் போவார் என்று சொல்ல முடியாது. போடுவது யார் என்பதை முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். சர்ஜன் பக்கம் அனஸ்தீசியா பக்கம் போட்டிருக்கும் என்று நினைக்க, அவர்கள் வார்ட்டில் போட்டிருக்கும் என்று நினைக்க, யாருமே போடாமல் வெட்டு விழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

மறுபக்கப் பிழையும் உண்டு. மெட்ரோனிடசோல் 100 மில்லிலீற்றர் போத்தல் உள்ளே போக 20 நிமிடமாவது வேண்டும். வெட்டும்போது பாதிப் போத்தல் தொங்கிக்கொண்டிருந்தால் நேரத்துக்குக் கொடுத்ததாகாது. அதை முதலில் தொடங்குங்கள், பிறகு மற்ற ஊசி.

ட்ரக் சார்ட்டில் 'காலை' என்றோ 'தியேட்டருக்கு முன்' என்றோ எழுதாதீர்கள். 'மயக்கம் கொடுக்கும்போது தியேட்டரில்' என்று எழுதுங்கள், போட்டவர் மணி, நிமிடம், கையெழுத்து மூன்றையும் எழுதட்டும்.

ஏற்கனவே சிகிச்சைக்காக அன்டிபயோட்டிக் ஓடும் நோயாளரைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 'ஓடுதுதானே, இனி எதுக்கு?' என்று. விடிய ஆறு மணிக்குப் போனது பதினொரு மணி வெட்டுக்கு உதவாது. ஓடும் மருந்து அந்த அறுவைக்குப் பொருத்தமானது என்றால் அதிலேயே ஒரு டோஸை வெட்டுக்கு முந்தைய ஒரு மணித்தியாலத்துக்குள் விழும்படி போடுங்கள். வேறு வைத்தியசாலையிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டவரின் கடிதத்தில் 'அன்டிபயோட்டிக் கொடுத்தாயிற்று' என்று மட்டும் இருந்து நேரம் இல்லாவிட்டால், அந்த வார்ட்டுக்கு போன் பண்ணிக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பீட்டா-லக்டமைத் திரும்பப் போடுவதில் பெரிய ஆபத்து இல்லை, ஜென்டாமைசினை மட்டும் கேட்காமல் திரும்பப் போடாதீர்கள், அது சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

6. தியேட்டருக்குள்

உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், வெட்டுக்கு முன் எல்லோரும் நின்று கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: கடந்த 60 நிமிடத்துக்குள் அன்டிபயோட்டிக் போட்டாயிற்றா? ஆம் என்ற பதிலோடு விடாதீர்கள், 'எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். மணி சொல்ல முடிந்தால்தான் போட்டிருக்கிறது. கேட்கக் கூச்சமாக இருக்கும், வந்து இரண்டு கிழமைதானே ஆகிறது. அனுபவமுள்ள தியேட்டர் சிஸ்டர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவரே கேட்டுவிடுவார்.

சிசேரியனில் பழைய பழக்கம் ஒன்று இன்னும் சில இடங்களில் இருக்கிறது: பிள்ளையை எடுத்து, தொப்புள்கொடியைப் பிடித்தபிறகு ஊசி. பிள்ளைக்கு மருந்து போய்விடும் என்ற பயத்தில் தொடங்கிய பழக்கம். வெட்டுக்கு முன்பே போட்டால் தாயின் தொற்றுக் குறைகிறது, பிள்ளைக்குக் கெடுதி வந்ததாகத் தெரியவில்லை, ஆகவே உலக சுகாதார நிறுவனமும் வெட்டுக்கு முன்பே போடச் சொல்கிறது.

எலும்பு அறுவையில் டூர்னிகே (இரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கும் பட்டி) கட்டுவதாக இருந்தால் கணக்கு வெட்டிலிருந்து இல்லை, டூர்னிகே இறுகும் நேரத்திலிருந்து. கட்டியபிறகு போட்ட மருந்து அந்தக் காலுக்குப் போகவே போகாது. முழு மருந்தும் போய் முடிந்தபிறகே இறுக்கச் சொல்லுங்கள்.

7. இரண்டாவது டோஸ்

அறுவை நீண்டால் மருந்து தீர்ந்துபோகும். பொதுவாக அரைவாழ்வின் இரண்டு மடங்கு காலம் கடந்தால் திரும்பப் போடவேண்டும். செஃபசோலினுக்கு 4 மணித்தியாலம், நடைமுறையில் செஃபுரொக்சிமுக்கும் அதுவே. கோ-அமொக்சிக்ளேவின் அரைவாழ்வு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான், ஆகவே அதன் இடைவெளியை உங்கள் யூனிட் வழிகாட்டியில் பார்த்து எழுதி வையுங்கள். மெட்ரோனிடசோலும் ஜென்டாமைசினும் சாதாரண அறுவை ஒன்றுக்குள் திரும்பத் தேவைப்படாது.

இங்கே எல்லோரும் விடும் பிழை, நேரத்தை வெட்டிலிருந்து எண்ணுவது. முதல் டோஸிலிருந்து எண்ணவேண்டும். 8.10க்கு செஃபசோலின் ஊசி, 8.50க்கு வெட்டு என்றால் அடுத்தது 12.10க்கு, 12.50க்கு இல்லை. தியேட்டரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் கோஸ் துணிக் கணக்குக்குப் பக்கத்திலேயே 'அடுத்த டோஸ் 12.10' என்று எழுதிவிடுங்கள். நாலாவது மணியில் யாருக்கும் நினைவு வராது, பலகையைப் பார்க்கும் ஒருவருக்கு வரும்.

இரத்தம் 1.5 லீற்றருக்கு மேல் போனால், நேரம் வராவிட்டாலும், திரவம் ஏற்றியபிறகு ஒரு டோஸ் திரும்பப் போடவேண்டும். போன இரத்தத்தோடு மருந்தும் போய்விட்டது. கிரியேட்டினின் மிகக் கூடியவருக்கு இரண்டாவது டோஸ் தேவைப்படாமல் போகலாம், மயக்க மருந்து வைத்தியரிடம் கேளுங்கள்.

8. நிறுத்துவது

பெரும்பாலான அறுவைகளுக்கு அந்த ஒரு டோஸ் போதும். காயத்தை மூடியபிறகு போடும் டோஸால் தொற்றுக் குறைவதில்லை, அதைத்தான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. யூனிட்டில் தொடரும் வழக்கம் இருந்தாலும் 24 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது.

ஏன் தாண்டுகிறது? பெரும்பாலும் யாரும் முடிவெடுத்துத் தொடர்வதில்லை, நிறுத்த யாரும் எழுதாததால் தொடர்கிறது. முதல் நாள் ஹவுஸ் ஒபிசர் எழுதியது, இரண்டாம் நாள் வேறொருவர் ட்யூட்டி, மூன்றாம் நாள் ஊசியைக் குளிசையாக மாற்றி, வீட்டுக்குப் போகும்போது ஐந்து நாள் குளிசையும் கையில். வீட்டுக்குக் கொண்டுபோகும் அந்தக் குளிசை எந்தப் புண்ணையும் காப்பாற்றவில்லை. வயிற்றுப்போக்கு, சிறுநீரகப் பாதிப்பு, அடுத்த தடவை எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி, இவைதான் மிச்சம்.

'ட்ரெயின் (புண்ணிலிருந்து நீர் வடியவிடும் குழாய்) இருக்கே' என்பார்கள். ட்ரெயின் இருக்கிறது என்பதற்காகத் தொடர்வதால் பயன் இல்லை. 'கதீற்றர் இருக்கே' என்பதும் அப்படித்தான். 'இடம் அவ்வளவு சுத்தம் இல்லை, பயமா இருக்கு' என்று சொல்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், நோயாளரை நினைத்துத்தான் அந்தப் பயம் வருகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து வேறு: கை கழுவுவது, முடியை பிளேட்டால் வழிக்காமல் தேவையென்றால் கிளிப்பரால் எடுப்பது, அறுவையின்போது உடம்பு குளிராமல் பார்ப்பது, சீனியைக் கட்டுப்பாட்டில் வைப்பது. பிளேட் தோலில் போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி பெருகும், அதை மூன்று நாள் ஊசியால் ஈடுகட்ட முடியாது.

செய்யவேண்டியது ஒன்றுதான். ஓர்டர் எழுதும் அதே நேரத்தில் 'ஒரு டோஸ் மட்டும், பிறகு நிறுத்தவும்' என்று சார்ட்டிலேயே எழுதி, மிச்சப் பெட்டிகளில் குறுக்கே கோடு போட்டுவிடுங்கள். வெறும் பெட்டி இருந்தால் மிஸ்மார் ஊசி போடத்தான் செய்வார்கள், அது அவர்கள் பிழை இல்லை. அறுவைக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் காரணத்தைத் தேடுங்கள், கல்ச்சர் எடுங்கள், பிறகு தேவையென்றால் சிகிச்சையாகப் புதிதாகத் தொடங்குங்கள். முற்காப்பை நீட்டிச் சிகிச்சையாக்காதீர்கள்.

9. உங்கள் யூனிட்டில் எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு நடக்கிறது என்று பார்ப்பது

நியமனத்தின் இரண்டாம் மாதத்தில் இதைச் செய்யச் சொல்வேன். கன்சல்டன்டிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். யூனிட்டுக்குள் திருத்திக்கொள்வதற்கு என்றால் அவ்வளவு போதும், வெளியே பிரசுரிக்க நினைத்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தொடங்க முன்பே எடுக்கவேண்டும்.

முதலில் பி.எச்.டி., பிறகு கேள்வி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கேள்வித்தாளைக் கொடுத்த அடுத்த நாளிலிருந்தே எல்லோரும் நேரத்தை ஒழுங்காக எழுதத் தொடங்கிவிடுவார்கள், பிறகு வழக்கமாக என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியவராது. கடைசியாக முடிந்த இருபது அறுவைகளை, பொறுக்கி எடுக்காமல் வரிசையாக எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விஷயம்: தேவையா, மருந்து, டோஸ், ஊசிக்கும் வெட்டுக்கும் இடையில் நிமிடம், நிறுத்திய நேரம். நேரம் எழுதப்படாதவற்றை விட்டுவிடாதீர்கள், 'எழுதவில்லை' என்று தனியாக எண்ணுங்கள். எங்கள் வார்ட்டில் முதல் தடவை எண்ணியபோது என்னை உலுக்கியது அந்த வரிசைதான்.

பிறகு கேள்வி. 'நுண்ணுயிர் எதிர்ப்பு முக்கியமா?' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். கேஸ் ஆகக் கேளுங்கள். 95 கிலோ எடையுள்ள ஒருவருக்கு செஃபசோலின் எவ்வளவு? 9.05க்கு செஃபசோலின் ஊசி, 9.30க்கு வெட்டு, அறுவை இன்னும் முடியவில்லை, அடுத்த டோஸ் எத்தனை மணிக்கு? தைரொயிட் அறுவை, ட்ரெயின் வைத்திருக்கிறது, எத்தனை நாள் அன்டிபயோட்டிக்? சிறுவயதில் அமொக்சிசிலின் குடித்து வாந்தி எடுத்தவர், இப்போது என்ன செய்வீர்கள்? விடை 2 கிராம், 1.05, ஒன்றுமே தேவையில்லை, ஒவ்வாமை இல்லை என்று எழுதிவிட்டு வழக்கமான மருந்து. வீட்டுக்குக் கொண்டுபோக விடாமல் அங்கேயே பத்து நிமிடத்தில் நிரப்பச் சொல்லுங்கள், பெயர் எழுதவேண்டாம் என்று சொல்லுங்கள். பெயர் கேட்டால் ஆட்கள் பயந்து பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு எழுதுவார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்வியிலும் பிழை, சார்ட்டிலும் பிழை என்றால் சொல்லிக்கொடுக்கவேண்டும், ஒரு மத்தியானம் போதும். கேள்வியில் எல்லோரும் 60 நிமிடம் என்று சரியாக எழுதியும் சார்ட்டில் மூன்று மணித்தியாலம் என்று வந்தால் வகுப்பு எடுத்துப் பயன் இல்லை. ஊசி எங்கே, யார் கையால், எந்த ட்ரேயில் இருந்து போகிறது என்று ஒரு லிஸ்ட் நாள் முழுக்கப் பின்னால் நடந்து பாருங்கள். எங்களுக்கு அப்படி நடந்தபோது கிடைத்த விடை மிகச் சின்னது: தியேட்டரில் ஊசியைக் கரைக்கத் தேவையான தண்ணீர் அம்பியூல் வைக்க இடம் ஒதுக்கப்படவில்லை, அதனால்தான் மருந்தை வார்ட்டிலேயே கரைத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மயக்க மருந்து மேசைக்குப் பக்கத்தில் ஒரு ட்ரே வைத்தோம்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு இருபது பி.எச்.டி. எடுத்து, அதே ஐந்து விஷயத்தைத் திரும்ப எண்ணுங்கள். அதற்குள் உங்கள் நியமனம் முடியப்போகும், ஆகவே தாளை அடுத்து வரும் ஹவுஸ் ஒபிசர் கையில் கொடுத்து, நிமிடக் கணக்கு எழுதிய வரிசையை முதலில் காட்டுங்கள்.